ஆசைப்பட்டதைச் சமைத்துப் போடுங்கள்

டாக்டர், நான் உயிரோடு இருக்கும்போதே எனக்குச் சாவு சொன்னவர் நீங்கள். அதையும் என்னிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னீர்கள்.

உங்கள் அறைக்கு வெளியே இரும்பு நாற்காலியில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலது கை ஆட்காட்டி விரலில் பெரிய கட்டு. கதவுக்கும் எனக்கும் நாலடிகூட இருக்காது. "அம்மா இங்கயே இருக்கட்டும், சார் மட்டும் உள்ள வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டாள். அவர் போனார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"மாத்திரை எழுதிக் குடுத்துருக்காரு. சரியாப் பூடும்னாரு."

அப்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நீங்கள் சொன்னது பதினோரு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. "எங்கயும் கூட்டிக்கிட்டு அலையாதீங்க. ஆசைப்பட்டதைச் சமைச்சுப் போடுங்க." இதுதான் நீங்கள் சொன்னது.

நான் செஞ்சியில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில், பூக்கடைக்கு அடுத்த கடை. ஜாக்கெட், சுடிதார், பாவாடை தைப்பேன். கல்யாண ஜாக்கெட்தான் என் பேரைக் காப்பாற்றுவது. அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற பெண்கள்கூடப் போகும்போது துணியைப் போட்டுவிட்டு, அடுத்த அமாவாசைக்கு வந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

விரலைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் மூத்திரப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத்தான் நான் சாகப் பார்த்தேன். இனி வெட்கப்படப் போவதில்லை.

விரல் வீங்குவதற்கு மூன்று வருடம் முன்னால் எனக்கு மூத்திரத்தில் ரத்தம் போனது. வலி இல்லை. உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயம் தின்றேன், இளநீர் குடித்தேன், நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தேன். இரண்டு நாள் நிற்கும், பத்து நாள் கழித்து மறுபடி வரும். தீட்டு நின்று போன வயது எனக்கு. இந்த வயதில் இதை யாரிடம் சொல்வது என்று பல மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் உங்களிடம் வந்தேன். மூத்திரப்பையில் புற்றுநோய் என்றீர்கள். பையை எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டை வெட்டி அதில் வழி செய்து, வயிற்றின் வலது பக்கத்தில் ஒரு துளை வைத்தீர்கள். அந்தத் துளையின் மேல் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும். மூத்திரம் அதில் இறங்கும். நிறைந்தால் திறந்து ஊற்ற வேண்டும்.

அந்த அறுவையை நன்றாகச் செய்தீர்கள். அதை நான் மறுக்க மாட்டேன். போகும்போது உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்போது மனசாரத்தான் கும்பிட்டேன்.

பையோடு வாழ நானே கற்றுக்கொண்டேன். பாவாடை நாடாவைத் தூக்கிக் கட்டினால் பை நசுங்கும், இறக்கிக் கட்டினால் தொங்கும். உள்பாவாடையில் ஒரு திறப்பு வெட்டி, உள்ளே மெல்லிய காட்டனில் ஒரு ஜேப் வைத்துத் தைத்துக்கொண்டேன். பை அதில் உட்கார்ந்துகொள்ளும். புடவை கட்டினால் யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் என் கவலை. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றால் கர்ப்பப்பை எடுத்தாச்சு என்று சொன்னால் போதும். அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். பாதி ஊருக்கு எடுத்திருக்கிறது. நானும் அப்படியே சொன்னேன். புற்றுநோய் என்று தெரிந்தால், மூத்திரத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தால், எந்த அம்மா தன் பெண்ணின் முகூர்த்த ஜாக்கெட்டை என்னிடம் கொடுப்பாள்? உண்மை தெரிந்தவர்கள் என் வீட்டுக்காரரும் அவருடைய அக்காவும்தான்.

விரல் வீங்க ஆரம்பித்தது தை மாதம், கல்யாண ஜாக்கெட் குவிந்து கிடந்த நேரம். ஆட்காட்டி விரலின் நுனி சிவந்து தடித்தது. ஊசி குத்தியிருக்கும் என்று விட்டேன். அப்புறம் நகத்தைச் சுற்றி விண்விண் என்று தெறித்தது. இது நகச்சுத்து என்று நானே முடிவு கட்டினேன். நகச்சுத்துக்கு எங்கள் பக்கத்தில் டாக்டரிடம் போக மாட்டோம். ஒரு எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொள்வோம். பழுத்து உடைந்துவிடும்.

நானும் மாட்டினேன். காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. அந்த விரலைத் தூக்கிக்கொண்டே மெஷின் மிதித்தேன். பூக்கடைக்காரம்மா தினமும் வந்து எட்டிப் பார்ப்பாள்.

"இன்னாக்கா, மாரியாத்தாவுக்கு மாலை போடறாப்புல விரலுக்குப் போட்டுக்கினு இருக்கிற?"

"பழுக்க மாட்டேங்குதுடி."

"நீ போட்ட பழத்துக்கு ஒரு கல்யாணத்துக்கே சர்பத் போட்டிருக்கலாம்."

சிரித்தேன். ஆறு வாரம் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தேன். விரல் வெங்காயம் மாதிரி உருண்டது.

அப்புறம் தெருமுனை கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒரு மேசை, ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே பேசுவது எல்லோருக்கும் கேட்கும். "முன்னாடி ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கா?" என்று அந்த டாக்டர் கேட்டார். பெஞ்சில் என் வாடிக்கைக்காரிகள் மூன்று பேர் இருந்தார்கள். "கர்ப்பப்பை எடுத்திருக்குது சார்" என்றேன்.

அது நான் செய்த தப்பு. அதை அந்தக் கிளினிக் டாக்டர் தலையில் கட்ட மாட்டேன். ஊருக்குச் சொன்ன பொய்யை வைத்தியரிடமும் சொன்னேன். பழகின பொய் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவர் சீழ் என்று நினைத்து விரலைக் கீறினார். சீழ் வரவில்லை. ரத்தம்தான் வந்தது, நிற்கவே இல்லை. பத்து நாள் கழித்து மறுபடி கீறினார். கீறிய இடத்திலிருந்து சதை காளான் மாதிரி வெளியே வளர்ந்தது.

எங்கள் தெருவில் இருக்கும் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற பெண் எனக்கு வாடிக்கை. சுடிதார் வாங்க வந்தவள் விரலைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். படம் எடுத்து கம்ப்யூட்டரில் பார்த்தாள். நுனியைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தாள்.

"அக்கா, நுனியில எலும்பையே காணோம்."

"காணோம்னா?"

"அரிச்சுட்டிருக்குது. இது நகச்சுத்து இல்லக்கா. உனக்கு வேற ஏதாவது வியாதி இருந்துச்சா? உண்மையச் சொல்லு."

ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான். சொன்னேன். ஊரில் மூன்றாவது ஆளாக அவளிடம் சொன்னேன். "உடனே உன் பழைய டாக்டர்கிட்டப் போ" என்றாள்.

அதனால்தான் உங்களிடம் வந்தேன், டாக்டர். விரலில் ஒரு துண்டு எடுத்து அனுப்பினீர்கள். முடிவு வந்தது. மூத்திரப்பையில் இருந்த அதே நோய்தான் விரல் எலும்பில் வந்து உட்கார்ந்திருந்தது. அபூர்வமாகத்தான் அது விரலுக்குப் போகும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நீங்கள் பார்த்த உடனே முடிவு செய்துவிட்டீர்கள். விரல்வரை வந்துவிட்டது என்றால் உடம்பு முழுக்க இருக்கும் என்று நினைத்துவிட்டீர்கள். உடம்பு முழுக்க இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன்கூட எடுத்துப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டீர்கள்.

மறுநாளிலிருந்து என் வீட்டில் விருந்து ஆரம்பித்தது.

முதல் நாள் ஆட்டுக்கறி. ஞாயிற்றுக்கிழமை இல்லை, விசேஷம் இல்லை. சரி, மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார் என்று தின்றேன். அடுத்த நாள் விரால் மீன். அடுத்த நாள் மூளை வறுவல், அதையும் அவரே அடுப்பில் நின்று செய்தார். நெல் மூட்டை ஏற்றுகிற லாரியில் வேலை செய்கிறவர். முப்பது வருடத்தில் டீகூடப் போட்டதில்லை. நாலாவது நாள் ஜாங்கிரி, பாதாம் அல்வா. ஐந்தாவது நாள் காலையில் பாயாவும் இடியாப்பமும்.

"இன்னாய்யா, லாட்டரி அடிச்சுதா?"

"தின்னுமே. ஒடம்பு தேறணும்ல."

"விரல்ல கட்டுக்கு எதுக்குய்யா ஆட்டுக்காலு?"

கொல்லைப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்றார். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு.

அப்புறம் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். சீயமங்கலத்திலிருந்து அவருடைய மாமா மாமியோடு வந்தார், பன்னிரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர். ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது பொண்ணு" என்று மாமியிடம் சொன்னார், ஏதோ ஏமாந்துவிட்ட மாதிரி. ஒரே வாரத்தில் ஐந்து ஹார்லிக்ஸ் சேர்ந்துவிட்டது. என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆனாலும் கேட்கப் பயந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினோராவது நாள் தளவானூரிலிருந்து அவருடைய அக்கா வந்தாள். வந்ததும் என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு என் தையல் மெஷினைப் பார்த்தாள்.

"ஏம்மா கண்ணு, இந்த மெஷின இன்னா பண்றதா இருக்கிற?"

"இன்னா பண்றது, தைக்கிறதுதான்."

"இல்ல, என் மருமவ தையல் கத்துக்கினு இருக்குறா. வெளிய குடுத்துடாத. அதான் சொன்னேன்."

"அண்ணி, நான் எதுக்கு வெளிய குடுக்கறேன்? நான் எங்க போறேன்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவன் உனுக்கு இன்னும் சொல்லலியா?"

வாசலில் செருப்புச் சத்தம். அவர் கையில் கோழிக்கறிப் பை. நான் எழுந்து போய் அந்தப் பையைப் பிடுங்கினேன்.

"யோவ், டாக்டரு இன்னாய்யா சொன்னாரு?"

சொன்னார். நின்றபடியே, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

"உனுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டன்னு சொன்னாருமே. நானும் அப்படித்தான் நெனைச்சேன்."

"பாயா தின்னா தாங்குவனா? பதினோரு நாளா எனக்குக் கருமாதிச் சோறு போட்டிருக்கிற. நானும் உக்காந்து தின்னுருக்கிறேன்."

அந்தக் கோழியை நான் சமைக்கவில்லை. பூக்கடைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். என் விரலில் என்ன இருக்கிறது என்று ஹார்லிக்ஸ் கொண்டுவந்த மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

ஃபைலை எடுத்துக்கொண்டு ஸ்கேன் சென்டர் பெண்ணிடம் போனேன். முழுவதும் படித்துக் காட்டச் சொன்னேன். அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.

"அக்கா, விரல்ல இருக்குதுன்னு மட்டும்தான் இதுல இருக்குது. நெஞ்சு, வயிறு, மூளை, வேற எலும்பு எதையும் பார்க்கலியே. பார்க்காமலே எப்படி எல்லா இடத்துலயும் இருக்குதுன்னு சொன்னாரு?"

அந்தக் கேள்விதான் என்னைப் பஸ் ஏற்றியது. அடுத்த நாள் காலையில் சென்னை வண்டி பிடித்தோம். அங்கே ஒரு அரசு ஆஸ்பத்திரி. சீட்டு வாங்கவே அரை நாள் ஆனது. அறுவை செய்கிற டாக்டர் ஒரு அம்மா, என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருக்கும். ஃபைலைப் படித்தார். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் இருங்க சார். வியாதி அவங்களுக்கு. நான் அவங்ககிட்டப் பேசறேன்" என்றார் அந்த அம்மா. என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்னன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். ஆனா எவ்ளோ தூரம் போயிருக்குதுன்னு யாரும் பாக்கல."

"அப்ப முதல்ல பார்க்கலாம்."

உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சில் இல்லை. ஈரலில் இல்லை. மூளையில் இல்லை. வேறு எந்த எலும்பிலும் இல்லை. நோய் இருந்த ஒரே இடம் அந்த விரல்.

அந்த அம்மா ஆசை காட்டிப் பேசவில்லை. இப்படி விரலுக்கு வந்தால் பெரும்பாலும் வேறு இடத்திலும் இருக்கும் என்றார். கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கலாம், பின்னால் வரலாம் என்றார். "டாக்டருங்க மீட்டிங்ல உங்களைப் பத்திப் பேசினோம். ரெண்டு பேர் ஆபரேஷன் வேண்டாம், மருந்து மட்டும் போதும்னாங்க. நான் விரலை எடுத்துட்டு மருந்தும் குடுக்கலாம்னு சொன்னேன். எத்தனை வருஷம்னு என்னால சொல்ல முடியாது. நீங்க என்ன சொல்றீங்க?"

நீங்க என்ன சொல்றீங்க. ஐம்பத்தாறு வயதில் என் உடம்பைப் பற்றி என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எடுத்துடுங்க" என்றேன்.

"என்ன வேலை செய்யறீங்க?"

"டைலரும்மா."

"எந்தக் கையால வெட்டுவீங்க?"

"சோத்துக் கையாலதான்."

"அப்ப அட்மிஷனுக்கு வரும்போது உங்க கத்திரிக்கோலை எடுத்துட்டு வாங்க."

எடுத்துக்கொண்டு போனேன். கேட்டில் காவலாளி பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னை நிறுத்தினார்.

"இன்னாம்மா இது, ஆஸ்பத்திரிக்கு இம்மாம் பெரிய கத்திரி?"

"ஆபரேஷனுக்கு. டாக்டரம்மா கொண்டாரச் சொன்னாங்க."

"ஏன், உள்ள கத்திரி இல்லியா?"

போன் போட்டுக் கேட்ட பிறகுதான் விட்டார்.

அந்த அம்மா பழைய செய்தித்தாளைக் கொடுத்து வெட்டச் சொன்னார். ஆட்காட்டி விரலை நீட்டி வைத்துக்கொண்டு, கட்டை விரலும் நடு விரலும் மட்டும் பிடித்து வெட்டச் சொன்னார். வெட்டினேன். நீட்டின விரல் கைப்பிடியில் இடித்துக்கொண்டே இருந்தது. அவர் குனிந்து கவனமாகப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: விரலைப் பாதியில் வெட்டினால் மிச்சம் இருக்கிற கட்டை இப்படித்தான் இடிக்கும். அதை நீங்கள் உபயோகிக்க மாட்டீர்கள், நடு விரல் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும். அதனால் விரலை முழுசாக, உள்ளங்கைக்குள் போகிற எலும்போடு சேர்த்து எடுத்துவிடுகிறேன். கை கொஞ்சம் ஒடுங்கும், ஆனால் கத்திரிக்கு வழி விடும்.

நுனியில் இருக்கிற நோய்க்கு உள்ளங்கை வரைக்குமா என்று கேட்டேன்.

"நீங்க துணியில போட்ட சாக்பீஸ் கோட்டு மேலயா வெட்டுவீங்க?"

"இல்லம்மா. தள்ளித்தான். தையலுக்கு விடணும்ல."

"நானும் தள்ளித்தான் வெட்டணும். நோய் ஓரத்துல மாட்டிக்கக் கூடாது."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. எனக்குப் புரிகிற பாஷை அது.

தோளுக்குக் கீழே கையை மட்டும் மரத்துப் போக வைத்தார்கள். நான் விழித்திருந்தேன். நடுவில் துணித் திரை. அந்தப் பக்கம் யாரோ என் கையை வைத்து வேலை செய்வது தெரிந்தது, வலி தெரியவில்லை. "தையல் போடறேன்" என்று அந்த அம்மா சொன்னபோது, "கிட்டக் கிட்டப் போடுங்க" என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு வாரத்தில் பரிசோதனை முடிவு வந்தது. வெட்டின ஓரமெல்லாம் சுத்தம். அதற்கப்புறம் மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாய் வெந்தது, சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. அப்போது ஆசைப்பட்டதைச் சமைத்துப் போட்டிருந்தாலும் என்னால் தின்ன முடிந்திருக்காது. என் வீட்டுக்காரர் கஞ்சி வைத்து, ஆறவைத்து, ஸ்பூனால் ஊட்டினார். அவர் மேல் இருந்த கோபம் அந்தக் கஞ்சியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முழுசாக இறங்கவில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே தளவானூர் அண்ணி பார்க்க வந்திருந்தாள். கட்டைப் பார்த்தாள்.

"வெட்டுன விரலக் குடுத்தாங்களா?"

"டெஸ்டுக்குப் போயிருக்குது."

"ஐயையோ, பொதைக்கணுமேம்மா அத. அப்படியே வுட்டா ஆவுமா?"

"நீங்க வாங்கினு வந்து காரியம் பண்ணுங்க அண்ணி. மெஷினுக்குப் பதிலா அத வச்சுக்கோங்க."

இப்போதுகூட அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆள் கெட்டவள் இல்லை.

மருந்து முடிந்ததும் கடையைத் திறந்தேன். பழைய புடவையை விரித்துக் கத்திரியைப் பிடித்தேன். இல்லாத விரல் இருக்கிற மாதிரி அரித்தது. முதலில் வெட்டினது கோணல். பத்து நாள் வெறும் செய்தித்தாள் வெட்டினேன். ஊசியைப் பிடிக்க நடு விரலுக்கு ஒரு மாதம் ஆனது. முதல் ஜாக்கெட்டில் கைக்குழியைச் சிறிதாக வெட்டிவிட்டேன், கையைத் தூக்க முடியாமல் போட்டவள் திட்டினாள். புதுத் துணி எடுத்துக் கொடுத்துத் திரும்பத் தைத்தேன். மூன்றாவது மாதம் பட்டுத் துணியைத் தொட்டேன். கொக்கி மட்டும் இன்னும் எனக்குச் சரியாக வராது, அதை என் வீட்டுக்காரர் தைக்கிறார். லாரி ஆள் தைக்கிற கொக்கி. பிய்த்தாலும் வராது.

ஒளித்து வைப்பதையும் அப்போதே விட்டேன். கை எல்லோருக்கும் தெரியும், அதை எந்த ஜேப்பில் போட்டு மறைப்பது? "இன்னாக்கா, விரல் எங்க?" என்று பூக்கடைக்காரம்மா கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். கர்ப்பப்பை இல்லை, மூத்திரப்பை என்றேன். பையையும் காட்டினேன். அவள் பூ கட்டுவதை நிறுத்திவிட்டு நெடுநேரம் பார்த்தாள். "இத்தக் கட்டிக்கினா இத்தன நாளு என்னாண்ட வம்பு பேசின?" என்றாள். அன்று சாயந்திரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவள் இருக்கும்போது எனக்கு நோட்டீஸ் வேண்டியதில்லை.

ஒரு அம்மா வந்து தன் பெண்ணின் கல்யாணத் துணியைத் திரும்பக் கேட்டாள். கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணே அதே துணியோடு வந்தாள். "எங்க அம்மா கெடக்குறாங்க. நீங்கதான் தைக்கணும். வேற எவளாவது தச்சு முதுகு தூக்கிக்கினா போட்டோல நான்தானே அசிங்கமா இருப்பேன்" என்றாள். தைத்தேன். முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. முகூர்த்தத்துக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த அம்மாவே வந்து தாம்பூலம் கொடுத்தாள்.

இப்போது அளவெடுக்க வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறேன். "மூத்திரத்துல ரத்தம் வருதா? வந்தா சூடுன்னு வுடாத, டாக்டர்கிட்டப் போ." சில பேர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். மண்டகப்பட்டிலிருந்து வருகிற ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவளை நானே கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சுரண்டி எடுத்தார்கள். அவள் மூத்திரப்பை அவளிடமே இருக்கிறது. நான் தைத்ததிலேயே நல்ல தையல் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அறுவை முடிந்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் சுத்தமாக வருகிறது. நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, சென்னை அம்மாவுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று என்னிடமே சொன்னார், அது போதும்.

போன மாதம் உங்களைப் பார்க்க வந்தேன், டாக்டர். டோக்கன் வாங்கி, என் முறை வந்தபோது தனியாக உள்ளே வந்தேன். நர்ஸ் எனக்குப் பின்னால் யாரையோ தேடினாள். நான் கையை உங்கள் மேசைமேல் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"பரவாயில்லையே. உங்களுக்கு லக்கும்மா" என்றீர்கள்.

"ஸ்கேன் எடுத்துப் பாக்காம ஏன் சார் என்னை வீட்டுக்கு அனுப்புனீங்க?"

"இந்த மாதிரி கேஸ்ல நூத்துக்கு நூறு பரவியிருக்கும்மா."

"எனக்குப் பரவலியே. அத ஏன் என்கிட்டச் சொல்லாம அவருகிட்டச் சொன்னீங்க?"

"வீட்டு ஆம்பளைகிட்டச் சொல்றதுதான் இங்க வழக்கம். லேடீஸ் பயந்துடுவாங்க."

"நான் பயந்தனா இல்லியான்னு நீங்க என் மூஞ்சியவே பாக்கலியே சார்."

நீங்கள் மணியை அழுத்தினீர்கள். அடுத்த டோக்கன் உள்ளே வந்தது.

அதிர்ஷ்டம் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த அதிர்ஷ்டம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்ததால்தான் தெரிந்தது. பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லியிருந்தால் அதையும் கேட்டுக்கொண்டிருப்பேன். மெஷினை யாருக்குக் கொடுப்பது என்று நானே முடிவு செய்திருப்பேன். என் சாவாக இருந்தாலும் அது என் காரியம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை செஞ்சி கல்யாண மண்டபத்தில் புற்றுநோய் முகாம் நடக்கிறது. பஸ் ஸ்டாண்டில் உங்கள் படம் போட்ட ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் மேடையில் பேசப் போகிறீர்கள். நான் வருவேன். பூக்கடைக்காரம்மா, மண்டகப்பட்டுப் பெண், என் வீட்டுக்காரர் எல்லோரும் வருவார்கள். தனியாக உங்கள் அறையில் கேட்டால் மணியை அழுத்துகிறீர்கள். அதனால் இங்கே எழுதிக் கேட்கிறேன். பார்க்காமலே ஏன் முடிவு கட்டினீர்கள்? என் உயிரைப் பற்றி என்னிடம் சொல்லக் கூடாது என்று யார் உங்களுக்குச் சொன்னது? எனக்கு முன்னாலும் பின்னாலும் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த எத்தனை பெண்களை இப்படிக் கறி தின்ன வீட்டுக்கு அனுப்பினீர்கள்? மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, இந்த ஊர் ஜனங்கள் எல்லோரும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லாதீர்கள். என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்.